ஒரே கூடையில் எல்லா முட்டையுமா?

சந்தையில் முட்டை வாங்கிக் கொண்டு வருகிறீர்கள். கால் தடுக்கிக் கூடை கீழே விழுகிறது. ஒன்றாவது மிஞ்சுமா? இதைத்தான் ஆங்கிலத்தில், 'எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காதே' என்கிறார்கள். இருப்பதையெல்லாம் ஒன்றையே நம்பி ஒப்படைக்காதே என்று பொருள்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமி, பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் முழுவதையும் ஒரே சீட்டில் போட்டிருந்தார். சீட்டு நடத்தியவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டே போய்விட்டார். "பாதியையாவது பாங்கில போட்டிருக்கலாமேடி!" என்று மாமி அழுதது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

பாங்கிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், சகோதரிகளே! ஒரே பாங்கின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டால் அது இரண்டு கூடை அல்ல, ஒரே கூடைதான். பாங்கு நொடித்துப் போனால், எல்லாக் கிளைகளிலும் உங்கள் பேரில் இருப்பதைக் கூட்டி, அசலும் வட்டியுமாக ஒரு வரம்பு வரைதான் இன்ஷூரன்ஸ் உண்டு. 1 லட்சம் ரூபாயாக இருந்த அந்த வரம்பு, 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆயிற்று. சீட்டுப் பணத்துக்கோ இந்தப் பாதுகாப்பே கிடையாது.

அதற்காகப் பத்து இடத்தில் போட்டுவிட்டு மறந்து போகாதீர்கள்! இரண்டு, மூன்று கூடை போதும். எதில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.