நெடும்பாட்டும் அமெரிக்க வானொலியும்

ஓர் இசை கடல் கடந்து பரவுதற்கு அதன் இனிமை ஒன்றே காரணமென்று நாம் எண்ணுவது இயல்பு. ஆயினும், ஐரோப்பாவில் தோன்றிய "புரோகிரஸிவ் ராக்" என்னும் இசை அமெரிக்காவில் ரசிகரைப் பெற்ற வரலாற்றை நோக்குங்கால், அதற்கு வாயில் திறந்தது அரசாங்க விதியொன்று என்பது புலனாகும்.

இவ்விசை யாதெனில், ராக் இசையின் வேகத்தோடு மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தின் அமைப்பையும் தழுவி நெடிது விரிவது. அமெரிக்க ஏ. எம். வானொலி நிலையங்களோ பெரும்பாலும் மூன்று நிமிஷப் பாட்டுக்களையே விரும்பின. கடிகாரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு இசை கேட்டனர் போலும்!

1964-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒலிபரப்பு ஆணைக்குழு ஒரு விதி செய்தது. பெரிய நகரங்களில், ஏ. எம். நிலையத்து நிகழ்ச்சியையே நாள் முழுதும் எப். எம். அலையில் ஒலித்தல் கூடாது. பாதி நேரமாயினும் வேறு நிகழ்ச்சி வேண்டும் என்பதே அது. 1967-இல் அது நடைமுறைக்கு வந்தபோது நிலையத்தார் திகைத்தனர். எப். எம். கேட்போர் சிலர், விளம்பரமும் அரிது, ஆதலின் செலவிடப் பொருளில்லை. நீண்ட இசைத்தட்டுக்களை முழுதும் ஓடவிடுதலே மலிவான வழியாயிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோவின் கே. எம். பி. எக்ஸ். நிலையத்தில் டாம் டானஹ்யூ என்பார் அவ்வாண்டே இம்முறையைக் கைக்கொண்டு பேர்பெற்றார். ஏழையின் வீட்டில் விருந்தாளிக்கு இடங்கிடைத்தவாறு, நெடும்பாட்டுக்கு இங்கே இடங்கிடைத்தது.

பயன் விரைவிற் கண்டது. ஜெத்ரோ டல் என்னும் ஆங்கிலக் குழுவினர் தட்டின் இருபுறமும் ஒரே பாட்டாக, நாற்பது நிமிஷத்திற்கு மேல் ஓடும்படி இயற்றிய "திக் அஸ் எ பிரிக்" 1972-இல் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் எய்தியது. பிங்க் பிளாய்டின் 1973-ஆம் ஆண்டுத் தட்டொன்று, 1988 வரையில் 741 வாரங்கள் அவ்வரிசையில் இருந்தது.

ஆங்கிலேயருக்கு மொழித் தடையில்லை. மற்றை ஐரோப்பியர் பாடு வேறு. ஹாலந்து தேசத்துப் போகஸ் குழுவினர், சொல்லின்றி ஆல்ப்ஸ் மலையார்போற் கூவிய பாட்டினால் 1973-இல் ஒன்பதாம் இடம் பெற்றனர். சொல்லே இல்லாதவிடத்து மொழி ஏது! இத்தாலியரான பி. எப். எம். குழுவினருக்கோ பீட்டர் ஸின்பீல்டு புதிய ஆங்கில அடிகள் இயற்றித் தந்தார். அவை மூலத்தின் மொழிபெயர்ப்பல்ல. அத்தட்டில் "இல் பாங்கெட்டோ" ஒன்றே இத்தாலிய மொழியிற் பாடப்பெற்றது. அதுவே அவர்தம் இயல்பான குரல் என்பது என் எண்ணம்.

எப். எம். செழித்தபின் விளம்பரக்காரர் வந்தனர். 1970-களின் பிற்பகுதியில் பாட்டுப் பட்டியல்கள் இறுகின. எட்டரை நிமிஷப் பாட்டினால் 1972-இல் அமெரிக்கரைக் கவர்ந்த யெஸ் குழுவினர், அங்கே தனிப்பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றது 1984-இல்தான். அப்பாட்டு ஐந்து நிமிஷத்திற்கும் குறைந்தது.