ஒரு நூலகம், பல பொதிகள்

பைதன் என்னும் கணினி மொழியில் எழுதிய நிரல், பைதன் இயங்கும் எந்தக் கணினியிலும் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடும் என்பது நேயர் பலர் அறிந்ததே. ஆனால், நம்பை போன்ற கணித நூலகங்களின் நிலை வேறு. விரைவை வேண்டி அவற்றின் முக்கிய பகுதிகள் சி மொழியில் எழுதப்பட்டு, கணினியின் மூளையாகிய செயலியின் இயந்திர மொழிக்கு முன்னரே மாற்றப்படுகின்றன. இன்டெல் வகைச் செயலிக்கென மாற்றியது, ஆர்ம் வகைச் செயலிக்கு விளங்காது. ஆகவே, மூலம் ஒன்றாயினும் பொதிகள் பல வேண்டும்.

'வீல்' எனப்படும் பொதி வடிவம் 2013இல் ஏற்கப்பட்டது. நூலகத்தின் பெயர், அதன் பதிப்பு, பைதனின் பதிப்பு, இயக்க முறைமை, செயலி வகை ஆகியவை அப்பொதியின் பெயரிலேயே பொறிக்கப்படும். 'பிப்' என்னும் நிறுவு கருவி அப்பெயரை நோக்கி, கணினிக்கு இசைந்த பொதியைத் தெரிந்தெடுக்கும்.

இசைந்த பொதி இல்லையெனின், அக்கருவி மூலநிரலை இறக்கி, பயனரின் கணினியிலேயே அதனை மாற்ற முயலும். அதற்குத் தொகுப்பான் வேண்டும். துணை நூலகங்கள் வேண்டும். ஆர்ம் செயலியுடைய றாஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் மணிக்கணக்கும் ஆகலாம். லினக்ஸ் பொதிகளுக்கென 2016இல் வகுத்த பொதுவிதி இன்டெல் வகையை மட்டுமே கருதிற்று. ஆர்ம் வகைக்கு 2019ஆம் ஆண்டின் விதியே இடமளித்தது. அதுவரை அச்சுமை பெரும்பாலும் பயனர் தலையிலேயே வீழ்ந்தது.

நூலகம் ஆக்குவோர் ஒருமுறை படும் சிரமம், மாணவர் பலர் தனித்தனியே படும் சிரமத்தை நீக்கும். மலிவான கணினியுடையோரும் கற்க வேண்டுமாயின், அவர்தம் செயலிக்கும் ஒரு பொதி ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.