பலகை எந்தக் காட்டில் இருந்து வந்தது?

ரொறன்ரோவில் வீடு வாங்கிய அக்கா, மரத்தரை போட இரண்டு பலகைகளைப் படம் பிடித்து அனுப்பி, எந்த நிறம் நல்லது என்று கேட்டார். நான் பெட்டியில் ஒட்டியிருக்கும் துண்டை அனுப்பச் சொன்னேன். "சீனாவில் தயாரிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது.

அது பலகை அறுத்துப் பூச்சடித்த நாடு. மரம் வெட்டிய நாடு வேறாக இருக்கலாம். ஏமாற்று நடப்பதும் இந்த இடைவெளியில்தான். அமெரிக்காவின் பெரிய மரத்தரை விற்பனை நிறுவனமான லம்பர் லிக்விடேற்றர்ஸ் 2015 இல் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ரஷ்யாவின் தூர கிழக்கில் வெட்டிய மொங்கோலிய ஓக், இறக்குமதிப் படிவத்தில் வெல்ஷ் ஓக் ஆகியிருந்தது. மியன்மாரின் மெர்பாவ் மரம் இந்தோனேசிய மஹோகனி ஆகியிருந்தது. தண்டம் உட்பட அவர்கள் கட்டியது 13 மில்லியன் டொலருக்கு மேல்.

காடு மட்டுமே இதில் பிரச்சினை இல்லை. லைபீரியாவில் சார்ள்ஸ் டெய்லர் ஆட்சியில் மரம் விற்ற காசு ஆயுதமாகியது. அதனால் 2003 முதல் 2006 வரை அந்நாட்டு மரத்தை வாங்க ஐ.நா. பாதுகாப்புச் சபை தடை விதித்திருந்தது. உக்ரேன் போர் தொடங்கியதும் 2022 இல், எஃப்.எஸ்.சி. என்ற சான்றளிப்பு அமைப்பு ரஷ்ய, பெலாரஸ் மரங்களைத் தன் முத்திரையோடு விற்பதை நிறுத்தியது. பங்கருக்குப் பனை தறித்த எங்களுக்கு, போரையும் மரத்தையும் சேர்த்துச் சொன்னால் விளக்கம் தேவையில்லை.

கடைக்காரரிடம் மரத்தின் தாவரவியல் பெயரையும் வெட்டிய நாட்டையும் எழுத்தில் கேளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். "ஓக்" என்றால் போதாது, அதில் பல இனங்கள். எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் அதோடு ஓர் உரிம இலக்கமும் இருக்க வேண்டும். அதை அவர்களின் இணையத்தளத்தில் தேடினால் யாருடையது என்று தெரியும். "மிக்ஸ்" என்று போட்டிருந்தால் முழுவதும் சான்றளித்த காட்டு மரம் அல்ல. காட்டிலிருந்து ஆலை, மொத்த வியாபாரி என்று மரம் கைமாறும் வழியில் ஒருவரிடம் சான்று இல்லாவிட்டாலும் தொடர் அங்கேயே அறுந்துவிடும்.

கடதாசி என்றால் எங்களுக்குச் சோதனைச்சாவடிதான் ஞாபகம். அக்காவும் அலுத்துக்கொண்டார்: "ஒரு பலகைக்கு இவ்வளவு விசாரணையோ?"

வன்னியில் மரக்காலைக்காரர் வாள் வைக்க முன்னர் குற்றியில் ஷெல் துண்டு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதை நினைவுபடுத்தினேன். அடுத்த நாள் அக்கா கடைக்குப் போய்க் கேட்டார். ஒரு பலகைக்குத்தான் பதில் கிடைத்தது. அது அவருக்குப் பிடித்த நிறம் இல்லை.