சித்திரச் சில்லு தன் நினைவகத்தைப் பகிருமா? அறிவது எப்படி?

அக்குறணையிலுள்ள ஒரு மாணவரின் கணினியில் உலாவி இயங்கும்போது, பக்கத்தை ஆக்குவது ஒரு செயல்முறையாகவும் அதைத் திரையில் காட்டுவது மற்றொன்றாகவும் பாதுகாப்பின் நிமித்தம் பிரிந்தே நடைபெறுகின்றன. ஆயினும் 1920×1080 அளவுள்ள ஒரு சித்திரம், புள்ளிக்கு 4 பைட்டாக, ஏறத்தாழ 8 மெகாபைட் ஆவதால், அதை விநாடிக்கு 60 முறை பிரதியெடுப்பது பெரும் விரயமாகும். ஆதலால், அவ்வூர்க் கடைவீதியில் சரக்கைச் சுமக்காமல் கிடங்கின் திறப்பை மட்டும் கையளிப்பது போல, சித்திரச் சில்லின் (GPU) நினைவகத்தைச் சுட்டும் அடையாளம் மட்டுமே மற்றச் செயல்முறைக்கு வழங்கப்படுகிறது.

எல்லா வன்பொருளும் இதற்கு இசைவதில்லை. 2018இல் வெளிவந்த வல்கன் (Vulkan) 1.1 என்னும் சித்திர நிரலிடைமுகத்தின் வழியாக, இன்ன வகைச் சித்திரத்தைப் பகிர இயலுமா என்று முதலில் வினவலாம். ஆனால் வாக்கு மட்டும் சாட்சியாகாது. ஒரு செயல்முறை இடப்பாதியைச் சிவப்பாலும் வலப்பாதியை நீலத்தாலும் நிரப்பி, முடிந்ததென்று சமிக்ஞை அளித்தபின், மற்றது அதைத் திறந்து அவ்வண்ணமே கண்டாலன்றி ஆதரவு உண்டெனக் கொள்ளலாகாது. காணாவிடில், மந்தமாயினும் பிரதியெடுக்கும் மார்க்கமே விவேகம்.