எரிமலை இல்லாத மலையில் வெந்நீர்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இரவானால் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கம்பளி இல்லாமல் கூடாரத்தில் படுக்க முடியாது. ஆனால் அதே தித்திவங்சா மலைத்தொடரின் பேராக் பக்க அடிவாரத்தில், தாப்பாவுக்குத் தெற்கே சுங்காய் வட்டாரத்தில், சுங்கை கிளா என்ற இடத்தில் மண்ணிலிருந்து வரும் நீரிலேயே முட்டை அவித்துச் சாப்பிடுகிறார்கள். உலு ஸ்லிம்மிலும், ஈப்போவை ஒட்டிய தம்பூனிலும், பகாங் பக்கம் பெந்தோங்கிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. எரிமலையே இல்லாத இந்த மலையில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

விடை தேயிலைச் செடியின் காலடியிலேயே இருக்கிறது. கேமரன் மலை, 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு எழுதிய மேட்டுநிலம். 1929-இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டைத் திருத்திக் கொழுந்து கிள்ளிய கைகளில் தமிழர் கைகள் ஏராளம். தேயிலைக்குப் பிடித்த அந்தப் புளிப்பு மண், கருங்கல் மக்கி உண்டானது. அந்தக் கருங்கல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாக இருந்து இறுகியது. அந்தப் பழைய சூட்டின் மிச்சம்தான் வெந்நீர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சூடு எப்போதோ ஆறிவிட்டது.

இப்போதைய சூட்டுக்குக் காரணம் வேறு. அந்தக் கல்லுக்குள் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிறிய அளவில் கலந்திருக்கின்றன. அவற்றின் அணுக்கள் சிதையும்போது வெப்பம் பிறக்கிறது. ஒரு கன மீட்டர் கல்லிலிருந்து வருவது ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கல்லின் தடிமனோ கிலோமீட்டர் கணக்கு; சேரும் காலமோ கோடிக்கணக்கான ஆண்டு. பூமியின் ஆழத்திலிருந்து எழும் வெப்பத்தோடு இதுவும் சேர்கிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டுவிடுகிறது.

மேலே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டுகிறது. அதில் ஒரு பகுதி பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறி, மேட்டு நீரின் அழுத்தத்தால் தாழ்வான இடத்தில் பீறிட்டு வருகிறது. இந்தச் சுற்றுக்கு நூற்றாண்டுகள்கூடப் பிடிக்கலாம். அதனால்தான் ஊற்றுகளை உச்சியில் தேடக்கூடாது. அடிவாரத்தில், பாறை பிளந்து நழுவிய இடங்களில்தான் தேட வேண்டும். இலங்கையில், திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் எரிமலைத் தொடர்பு கிடையாது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் அவை என்பது கதை. அங்கும் ஆழத்துப் பாறையே நீரைக் காய்ச்சுகிறது.

கொதிக்கும் நீரிலும் உயிர் உண்டு. 1960-களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றில் தாமஸ் பிராக் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவின் நொதிதான் பிசிஆர் பரிசோதனைக்கு வழி திறந்தது. சுங்கை கிளாவின் நுண்ணுயிர்களை மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு முறையில் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஊற்றோரக் கல்லில் பச்சைப் படலம் தெரிந்தால் அங்கே நீர் சுமார் 75 டிகிரிக்குக் கீழே என்று கொள்ளலாம். அதை நம்பிக் காலை வைத்துவிடாதீர்கள். 60 டிகிரி நீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

தனியாகக் கூடாரம் அடிப்பவருக்கு இந்த நீர் தரும் சுகம் உண்மையானது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42 டிகிரி நீரில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று 2019-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தார், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். தோலுக்கு ரத்தம் பெருகி, உடலின் உள்வெப்பம் வெளியேறுவதே காரணம். அதே காரணத்தால் ரத்த அழுத்தம் தாழும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் இது சிறிய விஷயம் அல்ல. வெப்பமானி கொண்டு போங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் ஊறாதீர்கள், மது வேண்டாம். தலையை முக்கவும் வேண்டாம்: கேரளத்தில் உயிர்களைப் பறித்த மூளையைத் தின்னும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியே நுழைவது. நமக்கு இதமான சூடே அதற்கும் இதம்.

இன்னொன்று, காடு. 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் கேமரன் மலையின் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் உலாவக் கிளம்பினார். பெரும் தேடுதல் நடந்தும் இன்றுவரை தடயம் இல்லை. வனத்துறை அனுமதியோடு போங்கள். எந்த வழி, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஊற்றில் சோப்பும் ஷாம்பூவும் போடாதீர்கள். அடிவாரத்து ஓடைகளை நம்பி ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.