டாஷ்ஹண்ட் வளர்க்கிறீர்களா? முதுகைக் கவனியுங்கள்

அடுக்குமாடி வீட்டுக்குத் தோதாகச் சின்ன நாய் வேண்டும், ஆனால் குரைத்தால் தெருமுனை வரை கேட்க வேண்டும் என்பவர்களுக்கு டாஷ்ஹண்ட் உடனே பிடித்துப்போகும். குட்டைக் கால், தொங்கும் காது, நீண்ட மூக்கு. குட்டியைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனசு வராது.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு ரோஸி வந்ததும் அப்படித்தான். ஐந்து வயதில் ஒருநாள் காலை கட்டிலிலிருந்து குதித்தாள். மாலையில் பின்னங்கால்கள் தள்ளாடின. மறுநாள் இரண்டும் தரையில் இழுபட்டன. "வாதம் அடிச்சிருச்சு" என்று வீட்டுப் பாட்டி முடிவுகட்டி, விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டார். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது மூன்று நாள் கழிந்திருந்தது.

அது வாதம் இல்லை. முதுகெலும்புத் தட்டு விலகியிருந்தது. டாஷ்ஹண்ட் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் இது.

வளைக்குள் இறங்கிய வேட்டைக்காரன்

ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் வளைக்கரடி, 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்கரடியின் வளைக்குள் இறங்கி அதை மடக்குவதற்காக ஜெர்மனியில் உருவாக்கிய இனம். அங்கே 'டாக்கெல்' என்று செல்லமாகச் சொல்வார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான 'வால்டி' இந்த இனத்து நாய்தான்.

மண்ணுக்கடியில் எஜமானரின் குரல் கேட்காது. முன்னேறுவதா, பின்வாங்குவதா என்பதை நாயே முடிவுசெய்ய வேண்டும். தான் இருக்கும் இடத்தை மேலே நிற்பவர்களுக்குக் குரைத்துத்தான் தெரிவிக்க வேண்டும். கூப்பிட்டால் காது கேளாததுபோல் நடப்பதும், காலிங் பெல் அடித்தால் வீட்டை இரண்டாக்குவதும், பூந்தொட்டியைத் தோண்டிப் போடுவதும் இந்தப் பழைய தொழிலின் மிச்சம். அதைத் திமிர் என்று நினைத்து அடித்தால் முரட்டுத்தனம்தான் கூடும். சின்னச் சின்னத் தின்பண்டம் கொடுத்து, தினமும் ஐந்து பத்து நிமிடம் பழக்கினால் படியும். ஆனால் ஒரே நாளில் படியாது.

தோட்டம் உள்ள வீடுகளில் இது பெருச்சாளி வேட்டையில் இறங்கிவிடும். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் எலி, பெருச்சாளியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ரேபிஸ் ஊசியோடு இதையும் மருத்துவரிடம் கேட்டு வருடந்தோறும் போட்டுவிடுங்கள்.

முற்றிய நுங்கு

டாஷ்ஹண்டுக்கு முதுகில் எலும்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எல்லா நாய்களுக்கும் உள்ள அதே எண்ணிக்கைதான். கால்கள் குட்டையாகிப் போனதால் முதுகு நீளமாகத் தெரிகிறது.

சிக்கல், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுகளில்தான். நல்ல தட்டு இளநுங்கு மாதிரி. வெளியே உறுதியான ஓடு, உள்ளே வழவழப்பான சதை. மற்ற பெரும்பாலான நாய்களுக்கு இந்தச் சதை வயதான பிறகே வறண்டுபோகும். டாஷ்ஹண்டுக்கோ ஒரு வயதிலேயே முற்ற ஆரம்பித்துச் சுண்ணாம்பு படிந்துவிடும். காலைக் குட்டையாக்கும் மரபணுக் கோளாற்றின் உறவுக்காரக் கோளாறு ஒன்றுதான் இதற்கும் காரணம். நாம் ரசிக்கிற அழகும் அதைப் படுத்துகிற நோயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முற்றிய தட்டு ஒருநாள் வெடித்து உள்ளிருப்பது மேலே பிதுங்கும். மேலேதான் தண்டுவடம் ஓடுகிறது. கட்டிலிலிருந்து குதித்ததால்தான் வந்தது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் தட்டு எப்போதோ கெட்டிருக்கும், குதித்தது கடைசிச் சாக்கு மட்டுமே. ஏறக்குறைய நான்கைந்து டாஷ்ஹண்டுகளில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள்.

மணி பார்த்து ஓட வேண்டிய நேரம்

வழக்கமாக ஏறும் சோபாவில் ஏறாமல் நிற்பது, தூக்கினால் கத்துவது, முதுகைக் கூன்போல வளைத்து நடப்பது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்ப்பது: இவை தொடக்க அறிகுறிகள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னங்கால் தள்ளாடினால், இழுபட்டால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

கால் அசையாவிட்டாலும், விரலை அழுத்திக் கிள்ளும்போது வலி உணர்ந்தால் அறுவை சிகிச்சையில் எழுந்து நடக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்த உணர்வும் போய்விட்டால் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. இந்தச் சோதனையை மருத்துவர் செய்யட்டும், நீங்கள் நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள்.

எண்ணெய் தடவி நீவ வேண்டாம், பிதுங்கியது இன்னும் பிதுங்கும். வீட்டில் நமக்காக வைத்திருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவமனைக்குப் போகும் வரை திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டிலோ அட்டைப்பெட்டியிலோ வைத்திருங்கள்.

லேசான பாதிப்பு என்றால் அறுவை சிகிச்சை இல்லாமலே, மருந்தோடு நான்கு வாரம்போல் கூண்டு ஓய்வு சொல்வார்கள். பத்தாம் நாளே நாய் துள்ள ஆரம்பிக்கும். 'பாவம், குணமாகிவிட்டதே' என்று திறந்துவிடுகிற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வலி போனதே தவிர தட்டு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் மாற்ற வேண்டியவை

முதல் எதிரி எடை. ரோஸிக்குத் தயிர்சாதம், காலையில் ஆளுக்கொரு மேரி பிஸ்கட், மாலையில் பஜ்ஜித் துண்டு. நான்கு பேர் வீட்டில் நான்கு பேரும் கொடுத்தால் கணக்கு என்ன ஆகும்? விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் சாப்பாட்டைக் குறையுங்கள். வெங்காயம், சாக்லேட், திராட்சை நாய்க்கு நஞ்சு.

அடுத்தது தரை. பளபளக்கும் டைல்ஸில் ஓடித் திரும்பும்போது கால் வழுக்கி முதுகு முறுக்கிக்கொள்கிறது. நாய் ஓடும் வழியில் வழுக்காத பாய் விரியுங்கள், நகத்தை வெட்டி வையுங்கள். கட்டில், சோபாவுக்குச் சரிவுப் பலகை. மாடிப்படியில் தூக்கிச் செல்வதே நல்லது. கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு மாட்டும் பட்டை.

நடைப்பயிற்சியைக் குறைக்க வேண்டாம். முதுகைத் தாங்கும் தசை வலுவாக இருக்க நடை தேவை. காலையில் வெயில் ஏறும் முன், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு. இதன் வயிறு சாலையிலிருந்து ஒரு சாண்கூட உயரத்தில் இல்லை, தார்ச்சாலையின் சூடு நேராக உடம்பில் இறங்கும். திரும்பி வந்ததும் காதுமடலைத் தூக்கி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகள் இருந்தால்

பிள்ளைகள் குட்டியை முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்குவார்கள். இந்த இனத்துக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்கக் கற்றுக்கொடுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் சில வருடம் பொறுத்திருப்பதே நல்லது என்பேன். உருவத்தைப் பார்த்து இதைச் சாது என்று நம்ப வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர்களையும் சொந்த எஜமானரையுமே கடிக்க வரும் இனங்களில் டாஷ்ஹண்ட் முன்வரிசையில் இருந்தது. அதற்குப் பாசம் குறைவென்று பொருளில்லை. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் சீண்டினால் பொறுக்காது. முதுகுவலி உள்ள நாயும் தொட்டால் கடிக்கும், அதனால் திடீர்க் கோபத்தையும் நோயின் அறிகுறியாகவே பாருங்கள். யாரைக் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள்.

குட்டி வாங்கும்போது

தாயையும் தகப்பனையும் பார்க்கக் கேளுங்கள். அவற்றுக்கு முதுகுக் கோளாறு வந்ததுண்டா என்று விசாரியுங்கள். உடம்பில் திட்டுத்திட்டாக நிறம் கலந்த குட்டிக்கு விலை அதிகம் சொல்வார்கள். அப்படிப்பட்ட இரண்டு நாய்களை இணைசேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் சில கண் தெரியாமலோ காது கேளாமலோ பிறக்கின்றன. அந்த வியாபாரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்த நாய் பன்னிரண்டு முதல் பதினாறு வருடம் வரை உங்களோடு இருக்கும், அத்தனை வருடத்துக்கும் மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள்.

ரோஸிக்கு இப்போது ஒன்பது வயது. நடக்கிறாள், இடது பின்னங்கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய கதவுப் பலகையைச் சரித்து, மேலே சாக்கு அடித்து வைத்திருக்கிறார்கள். பிஸ்கட் நிறுத்தியாகிவிட்டது. பாட்டிதான் இன்னும் ஒளித்துக் கொடுக்கிறார்.