ஒற்றன் வரும் ஓசை

ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். பிறர் ஐயுறாத உருவத்தோடு செல்ல வேண்டும். எவர் உறுத்துப் பார்த்தாலும் அஞ்சக்கூடாது. என்ன நேர்ந்தாலும் உள்ளத்தில் இருப்பதை வெளியிடக்கூடாது. ஒற்றனுக்கு அவர் கூறும் இலக்கணம் இது. ஆனால் வெள்ளித்திரையில் வரும் ஒற்றன் எப்படி வருகிறான்? கிதார் அதிர, எக்காளம் முழங்க, கொட்டகையே கைதட்ட வருகிறான்! தன் வருகையைத் தானே பறைசாற்றிக்கொள்ளும் ஒற்றன் இவன் ஒருவன்தான். இந்த முரண்பாட்டைக் கேள்வி கேட்காமல் நம்மை ஏற்றுக்கொள்ளச் செய்வது இசை. அந்த இசையை ஆக்கியவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்று ஆராய்ந்தால் சுவையான செய்திகள் பல வெளிப்படுகின்றன.

தும்மலில் பிறந்த மெட்டு

ஜேம்ஸ்பாண்ட் வரிசையின் முதற்படமான 'டாக்டர் நோ' 1962-இல் வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் மாண்டி நார்மன். உலகமே இன்று முணுமுணுக்கும் பாண்ட் மெட்டை அவர் அந்தப் படத்துக்கென்று புதிதாகப் புனையவில்லை. டிரினிடாட் தீவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' என்ற நாவலை இசை நாடகமாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அதற்காக நார்மன் எழுதி, பயன்படாமல் கிடந்த பாட்டின் மெட்டுதான் அது. அபசகுனமான தும்மலோடு பிறந்துவிட்டதாக ஒருவன் புலம்பும் பாட்டு! தும்மினால் புறப்பட்ட காலைப் பின்வாங்கும் நம்மவரின் நம்பிக்கைதான், கடல் கடந்து, உளவாளியின் வெற்றி முழக்கமாயிற்று.

அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் வேறு இருவர். ஒருவர், தம் பெயரிலேயே மெல்லிசைக் குழு நடத்திய ஜான் பாரி. மெட்டை வாங்கி, வேகம் கூட்டி, எக்காளங்களைச் சேர்த்து, புது உரு கொடுத்தவர் அவர். மற்றவர் அந்தக் குழுவின் கிதார்க் கலைஞர் விக் ஃப்ளிக். தடித்த தந்திகளில் அழுத்தமாக மீட்டி, மெட்டுக்கு முரட்டுத்தனமும் மிடுக்கும் தந்தவர். அன்றைய ஒலிப்பதிவுக் கூலியைப் பெற்றுக்கொண்டு அவர் வீடு திரும்பினார். மெட்டோ உலகைச் சுற்றியது.

அதில் மர்மம் எங்கிருந்து வருகிறது? நம் சுர முறையில் சொன்னால் விளங்கும். அடியில் ஓடும் துணை ஓசை பஞ்சமத்தில் தொடங்கி, சுத்த தைவதத்துக்கும் பிறகு சதுச்ருதி தைவதத்துக்கும் படிப்படியாக ஏறி, மீண்டும் சுத்த தைவதத்துக்கு இறங்குகிறது. இரு தைவதங்கள் இப்படி அடுத்தடுத்து உரசுவது நம் காதுக்குப் பழக்கமில்லாதது. யாரோ பூனைநடை போட்டு வருவதுபோல் இருக்கிறது அல்லவா? அந்த அரைச் சுர நகர்வுதான் இரகசியம்.

தலைப்பே ஒரு தலைவலி

பாடலாசிரியருக்கு வேறொரு தொல்லை உண்டு. படத்தின் தலைப்பு பாட்டுக்குள் வந்தாக வேண்டும். 1973-இல் வந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்துக்குப் பாட்டு எழுதும் பொறுப்பு, பீட்டில்ஸ் குழுவிலிருந்து பிரிந்து 'விங்ஸ்' என்ற ராக் குழுவை நடத்திவந்த பால் மெக்கார்ட்னிக்கு வந்தது. 'வாழு, வாழவிடு' என்ற பழமொழியை 'வாழு, சாகவிடு' என்று திருப்பிப் போட்ட தலைப்பு அது. இதை எப்படிப் பாடுவது? மெக்கார்ட்னி முதலில் இயான் ஃப்ளெமிங்கின் நாவலைப் படித்தார். பிறகு மனைவி லிண்டாவுடன் சேர்ந்து பாட்டை எழுதினார். இளமையில் நல்லெண்ணத்தோடு இருந்த ஒருவனை உலகம் கடுமையாக்கிவிட்டது என்று பொருள் அமைத்ததால், முரட்டுத் தலைப்பு அதற்குள் இயல்பாக அடங்கிவிட்டது. பியானோவுடன் தாலாட்டுப்போல் தொடங்கும் பாட்டு, திடீரென்று வாத்தியப் பெருமுழக்கமாக வெடிக்கிறது. நடுவே ஜமைக்காவின் ரெகே தாளத்துக்குத் தாவுகிறது. வாத்திய அமைப்பைச் செய்தவர் பீட்டில்ஸின் பழைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஒலிப்பதிவைக் கேட்ட படத் தயாரிப்பாளர்களில் ஒருவர், "நன்றாக இருக்கிறது, யாரைப் பாட வைக்கலாம்?" என்ற பொருளில் கேட்டதாக மார்ட்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பாடியிருப்பவர் மெக்கார்ட்னியே என்பதுதான் வேடிக்கை! ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பாண்ட் தலைப்புப் பாட்டு இதுவே. 1985-இல் 'டுரான் டுரான்' குழு ஜான் பாரியுடன் சேர்ந்து ஆக்கிய 'எ வியூ டு எ கில்' அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடமே பிடித்தது.

நம் சேலத்து ஒற்றன்

இலண்டன் இருக்கட்டும், ஏற்காடு மலையடிவாரத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தது. 1963-இல் அவர் மறைந்தபின், மகன் இராம.சுந்தரம் காலத்தில், துப்பறியும் படங்கள் அணிவகுத்தன. 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (இரண்டும் 1966), 'எதிரிகள் ஜாக்கிரதை' (1967), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று நீளும் வரிசை அது. ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஆனார்.

இப்படங்களுக்கு இசை தந்தவர் வேதா. கிதார், பாங்கோ, சாக்ஸபோன் முதலிய மேனாட்டுக் கருவிகளைத் தமிழ்ப் பாட்டுக்குள் அவர் புழங்கவிட்ட விதம், 60 ஆண்டு கழிந்தும் கேட்போரை அசைக்கிறது. எனினும் "இந்தி மெட்டைத் தமிழாக்கியவர்தானே" என்று ஒரு சொல்லில் அவரை ஒதுக்குவோர் உண்டு. அவருடைய பாடல்களில் பல இந்தி மெட்டுகளைத் தழுவியவை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: பிஸ்வாஸின் தும்மல் பாட்டு பாண்டின் முழக்கமானால் அது மேதைமை, இந்தி மெட்டு சேலத்தில் புது நடை பயின்றால் மட்டும் அது வெறும் நகலா? எதை எடுத்தார் என்பதோடு, எடுத்ததை என்ன செய்தார் என்பதையும் பார்ப்பதே நேர்மை.

அதே நேர்மைக்கு மறுபக்கமும் உண்டு. மூல மெட்டைத் தந்தவர் பெயரும் சொல்லப்பட வேண்டும். பாண்ட் மெட்டை ஆக்கியவர் பாரியே என்று ஓர் இலண்டன் செய்தித்தாள் எழுதியபோது, நார்மன் வழக்குத் தொடுத்தார். 2001-இல் வென்று 30,000 பவுன் இழப்பீடு பெற்றார். பணத்தைவிடப் பெயர் பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாடர்ன் தியேட்டர்ஸின் கூடங்கள் இன்று இல்லை. ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. பேருந்தில் நாம் அதைக் கடந்து போகிறோம். அங்கே கிதார் மீட்டியவர்கள், பாங்கோ தட்டியவர்கள் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்?

நண்பர்களே, நம் கல்லூரி விழாக்களில் மெல்லிசைக் குழு இப்பாடல்களைப் பாடும்போது நடிகர் பெயரைச் சொல்கிறோம். சில நேரம் பாடகர் பெயரையும் சொல்கிறோம். இனி இசையமைத்தவர் பெயரையும், மூல மெட்டு வேறொருவருடையதாயின் அவர் பெயரையும், பின்னால் அமர்ந்து வாசிக்கும் நம் தோழர்கள் பெயரையும் சேர்த்தே அறிவிப்போம். மறைந்து வாழ்வது ஒற்றனுக்கு அழகு. அவன் வருகைக்கு ஓசை தந்த கலைஞன் ஏன் மறைந்திருக்க வேண்டும்?